விண்ணப்பப் பெட்டியில் போட்ட பொய்

சந்தேகப்படுவது எனக்குக் கைவந்த கலை. சபையில் யாராவது எழுந்து, கர்த்தர் என்னோடு பேசினார் என்று சாட்சி சொன்னால் மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். எனக்கு மட்டும் எத்தனை மணிக்குப் பேசினார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேள்வி கிளம்பும். இத்தனைக்கும் நான் விசுவாசி. ஜெபம் பண்ணாமல் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. கடவுள் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசுகிறவர்கள் மேல்தான் சந்தேகம். அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது 2009-இல் நடந்தது. அப்போது சிதம்பரத்தில் தாவரவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த காலம், அதனால் தினமும் பஸ்தான். கிள்ளைக்குப் போய் கழிமுகத்துச் சுரபுன்னைக் காட்டுச் சேற்றை அள்ளி வருவேன். அதைக் காயவைத்து, சலித்து, கரைத்து, உப்பு எவ்வளவு என்று அளப்பேன். மூன்று வருடமாக இதே வேலை. அப்பா நான் கல்லூரியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் போகிற சமயத்தில், ஜூலையில், வடக்கேயிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருட வேலை. அங்கேயும் இதே மாதிரிக் காடுதான், ஆனால் நம்முடைய காடு அதன் ஒரு மூலைக்குக் காணாது. செப்டம்பர் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். போனால் அம்மா தனியாகிவிடுவாள். போகாவிட்டால் இப்படி இன்னொரு கடிதம் எனக்கு வரப் போவதில்லை. என் கைடு, "யோசிக்காம கெளம்பும்மா" என்றார். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தேன்.

"ஜெபம் பண்ணு. அவரு காட்டுவாரு" என்றாள் அம்மா.

எப்படிக் காட்டுவார் என்பதுதான் என் பிரச்சினையே. முழங்காலில் நிற்கும்போது ‘போ’ என்று மனதில் ஒன்று எழும். அது அவர் குரலா, என் ஆசையா? இரண்டு நாள் கழித்து ‘போகாதே’ என்று எழும். அது அவர் குரலா, அம்மாவைத் தனியாக விடுகிற பயமா? சேற்றில் இருக்கிற உப்பை அளக்க மேசை மேல் ஒரு கருவி இருந்தது. மனதில் எழுகிற குரல் யாருடையது என்று அளந்து சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. கடவுளிடமே ஒரு தடவை கோபமாகக் கேட்டேன், இவ்வளவு முக்கியமான விஷயத்தை இப்படி மங்கலாக வைத்தால் எப்படி என்று.

வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் நாலரை மணிக்கு, எங்கள் கல்விக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மாணவர்களுக்கு ஜெபக் கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் போவோம். நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்போம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, நல்ல குரல். அவருடைய வீட்டுக்காரர் எங்கள் கல்விக்கூட வாசல் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருந்தார். பாட்டும் ஜெபமும் முடிந்தபின் அக்கா ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, கர்த்தர் தந்ததாக ஒரு ‘வார்த்தை’ சொல்வார். அதன் பிறகு டீயும் முறுக்கும். உண்மையைச் சொன்னால், நான் பாதி முறுக்குக்காகத்தான் போனேன். ஹாஸ்டல் பிள்ளைகள் பாதிப்பேரும் அப்படித்தான்.

கடிதம் வந்த பத்தாவது நாள் இருக்கும். அக்கா என் தலையில் கை வைத்தார். வழக்கமாக எனக்குக் கிடைப்பது, சமாதானம், ஞானம், ஆரோக்கியம் என்று எல்லோருக்கும் பொருந்துகிற வார்த்தைதான். அன்று வேறு மாதிரிச் சொன்னார்.

"தங்கச்சி, வடக்குத் திசையில ஒரு கதவு பாக்குறேன். நல்லா தொறந்து கெடக்கு. ஆனா அது கர்த்தர் தொறந்த கதவு இல்லம்மா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்ததும், கடைசியில் காட்டிவிட்டார், போகக்கூடாது என்பதுதான் பதில் என்று அழுகையாக வந்தது. பி.முட்லூர் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். புதுச்சத்திரம் தாண்டும்போது என் பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. வடக்கு என்று இவருக்கு எப்படித் தெரியும்?

கடலூரில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும். அதற்குத் தேவ செய்தி கொடுக்கச் சிதம்பரத்திலிருந்து வருகிறவர் இதே அக்காதான். அம்மா ஒரு கூட்டம் தவறவிடமாட்டாள். கூட்டம் முடிந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள். ஆக, சொன்னது அம்மா. தனியாக இருக்கப் பயந்துகொண்டு, நேராகச் சொல்ல வாய் வராமல், அக்கா வாயால் கர்த்தரைச் சொல்லவைத்துவிட்டாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் எனக்கு வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சந்தேகப் பிராணிகள் கேட்கமாட்டோம். துப்புத் துலக்குவோம்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. சேறு கரைத்த குப்பிகளை வரிசையாகக் கருவியில் வைக்கும்போது நடுவே ஒரு குப்பியில் வெறும் தண்ணீரை வைப்போம். அதற்குப் பிளாங்க் என்று பேர். அதில் ஒன்றுமே இல்லை என்று நமக்குத் தெரியும். கருவி அதிலும் உப்பு இருப்பதாகக் காட்டினால், கருவியில் கோளாறு. அதுவரை காட்டிய எதையும் நம்பக்கூடாது. அக்காவுக்கும் ஒரு பிளாங்க் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் சபைக் கோயில் வாசலில் பூட்டுப் போட்ட விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. ஜெபக் குறிப்பை எழுதிப் போட்டால், பெண்கள் கூட்டத்தன்று திறந்து அக்காவிடம் கொடுப்பார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில், இடது கையால் கோணல்மாணலாக ஒரு சீட்டு எழுதினேன். ‘சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கும் என் மகள் கூடப் படிக்கும் இந்துப் பையனிடம் மனதைக் கொடுத்துவிட்டாள். அவள் மனம் திரும்ப ஜெபிக்கவும்.’ பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் சபையில் சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கிற மகள் நான் ஒருத்திதான். அப்படி ஒரு பையன் கிடையாது என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது, அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டிக்குள் போட்டேன்.

சனிக்கிழமை கூட்டம் நடந்தது. அடுத்த வியாழக்கிழமை அக்கா என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

"ஒன் மனசு ஒரு வாசல்ல போயி நிக்குது தங்கச்சி. அந்த வாசல்ல மாவிலை கட்டியிருக்காங்க. திரும்பி வந்துடும்மா. ஒங்கம்மா கண்ணீர கர்த்தர் பாத்துகிட்டிருக்காரு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அதை மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். பிடித்துவிட்டேன், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கால் தரையில் படாமல் நடந்தேன். அன்றைக்கு இரண்டு முறுக்கு ஜாஸ்தியாகவே தின்றிருந்தேன்.

பஸ்ஸில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது. அக்கா சொன்னது கர்த்தர் சொன்னதல்ல, சரி. அதனால் கர்த்தர் ‘போ’ என்று சொல்லிவிட்டதாக ஆகிவிடுமா? கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தால் சேற்றில் உப்பே இல்லை என்று அர்த்தமில்லையே. நான் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் கர்வம் போகவில்லை.

அதற்கப்புறம் அம்மா மாறிப்போனாள். பேச்சு குறைந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு எடுத்துப் போகவில்லை. கேட்டால் உபவாசம் என்றாள். என் துணியை மடித்துக்கொண்டே, "பஸ்ல ஒங்கூட யாரு வராங்க?" என்பாள். "கிள்ளைக்குப் போறப்ப எத்தன பேரு போறீங்க?" என்பாள். ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லு. நான் திட்ட மாட்டேன்" என்றாள். எல்லாவற்றையும் நான் குறித்துக்கொண்டேன். அக்கா சீட்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்லி, என்னை வேவு பார்க்க ஏவிவிட்டிருக்கிறார். கல்கத்தாவைத் தடுத்தவர்கள் இப்போது காதலையும் விசாரிக்கிறார்கள். அம்மா மேல் எனக்குக் கசப்பே வந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தோம்.

மூன்று வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிக்குழம்பு தவறாது. அன்று ஆராதனை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்கும் இருந்தன.

"என்னாம்மா, கறி எடுக்கலியா?"

அம்மா எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் பையன் வீட்ல கறி மீன் சாப்புடுவாங்களா?"

"எந்தப் பையன்?"

"போதும்டி மறைச்சது. ஸ்ரீமுஷ்ணத்துப் பையன்தான? ஒங்கூட சேறு அள்ள வருவானே, அவுங்கம்மா புளியோதரை கட்டிக் குடுப்பாங்கன்னு சொல்லுவியே. நல்ல பையன்னு நீதான் சொல்லிருக்க."

அந்தப் பையன் எங்கள் லேபில் என்னோடு படித்தவன். அவனுக்கு மாமன் மகளோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"யாரும்மா ஒனக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? சீட்ட சத்தமாத்தான படிப்பாங்க."

அது எனக்குத் தெரியாது. கல்யாணமாகாதவர்கள் பெண்கள் ஐக்கியத்துக்குப் போவதில்லை. எங்களுக்கு வாலிபர் கூட்டம்தான். பெட்டியில் விழுகிற சீட்டு அக்கா கைக்கு நேராகப் போகும் என்றே நினைத்திருந்தேன். அங்கே வழக்கம் வேறு. எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பார். பெயர் இருக்காது. ஆனால் யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

"எல்லாரும் கண்ண மூடிருந்தாங்க. நான் தொறந்துட்டேன்" என்றாள் அம்மா. "நான் எழுதல. அப்ப எழுதுனது நீதான். எங்கிட்ட நேரா சொல்லப் பயந்துகிட்டு இப்புடிச் சொல்றியேன்னு இருந்துச்சு. கூட்டம் முடிஞ்சதும் நாலு பேரு சுத்திகிட்டாங்க. எம் பொண்ணு விஷயத்த நான் பாத்துக்குறேன், நீங்க ஒங்க வேலையப் பாருங்கன்னுட்டேன். அதுக்குத்தான் சண்டே ஸ்கூல் எடுக்க வேணாம், கொஞ்ச நாள் ரெஸ்ட்டு எடுங்கன்னு சொல்லிட்டாங்க."

நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அம்மா சண்டே ஸ்கூல் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவள் வகுப்புக்குப் போகவில்லை என்பதை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட நான் குறிக்கவில்லை.

"மூணு வாரமா முட்டி போட்டுக் கேட்டேன்டி. மொதல்ல அவன ஒங்கிட்டேருந்து பிரிச்சுடுங்கன்னு கேட்டேன். ஒண்ணும் சமாதானம் கெடைக்கல. அப்புறம் என் மனச மாத்துங்கன்னு கேட்டேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. மாத்துனாரு." சாம்பாரை என் தட்டில் ஊற்றினாள். "அவன வீட்டுக்கு வரச் சொல்லு. இதெல்லாம் சமைச்சுப் பழகிக்கலாம்னு பாக்குறேன்."

வெளியே ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. உயிரே போகிற மாதிரி வெட்கம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன், அப்படி ஒரு பையன் இல்லை என்று. சீட்டு, அக்கா, வடக்குக் கதவு, பிளாங்க் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, பஸ்ஸில் அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிந்தது இப்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

அம்மா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் இல்லாத பையனுக்காவா மூணு வாரம் பட்டினி கெடந்தேன்?"

என் புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. "நீ அக்காகிட்ட வேலை விஷயத்தச் சொல்லாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ சொல்லாதன்ன. நான் சொல்லல."

"பின்ன அவுங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அந்தக் கடுதாசிய எங்க ஜெராக்ஸ் எடுத்த?"

கேட்டுக்கு எதிரே எடுத்தேன். மூன்று பிரதிகள். அக்காவின் வீட்டுக்காரர்தான் வாங்கி, மடிப்பை நீவி, கண்ணாடி மேல் வைத்து எடுத்துக் கொடுத்தார். "கல்கத்தாவா சிஸ்டர், ரொம்ப தூரமாச்சே" என்றுகூடச் சொன்னார். ஆமாம் என்று சிரித்துக்கொண்டே பிரதிகளை வாங்கிப் பையில் வைத்தது நான்தான். அங்கே படிக்கிற எல்லோருடைய மார்க் ஷீட்டும், மருத்துவச் சான்றிதழும், வேலைக் கடிதமும் அந்தக் கண்ணாடி மேல்தான் படுத்து எழுந்தன. ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு ஜெராக்ஸ் கடை தோன்றவே இல்லை. அம்மாவுக்கு அரை நிமிடம் ஆகவில்லை.

அக்கா ஏமாற்றுக்காரரா என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னது காதில் விழுந்திருக்கும். ஜெபத்தில் அது மேலே எழுந்து வந்திருக்கும். எது சாப்பாட்டில் கேட்டது, எது மேலிருந்து வந்தது என்று அவருக்கே பிரிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு மட்டும் தெரிந்ததா? அம்மாவைப் பற்றி நான் தீர்ப்பு எழுதியபோது அது எவ்வளவு தெளிவான குரலாகக் கேட்டது! அதன்பிறகு வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஆய்வேட்டு பைண்டிங்குக்கும் வேறு கடைக்குத்தான் போனேன்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை, அக்கா வந்து சேர்வதற்கு முன்னால், பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். சீட்டை எழுதியது நான், அது பொய், என் அம்மா மேல் ஒரு தவறும் இல்லை என்றேன். அழக்கூடாது என்று போனேன், அழுதுவிட்டேன். பாதிப்பேர் மன்னித்தார்கள். மீதிப்பேர் நம்பவில்லை. பையனைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று கோயில் வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். அவர்களை நான் என்ன குறை சொல்வது? அம்மாவுக்குச் சண்டே ஸ்கூல் திரும்பக் கிடைக்கக் கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அதுவும் பெரிய பிள்ளைகளைக் கொடுக்கவில்லை, பாலர் வகுப்புதான்.

செப்டம்பர் முடிய நான்கு நாள் இருந்தது. சாயங்காலம் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, போகட்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

"எங்கிட்ட கேக்காத" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "போன்னா, என்னா கணக்குல சொல்றான்னு யோசிப்ப. போகாதன்னா, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு யோசிப்ப. நீயே கேட்டுத் தெரிஞ்சுக்க."

நானே கேட்டேன். இரண்டு நாள் கேட்டேன். கதவும் தெரியவில்லை, குரலும் வரவில்லை. இல்லாத ஒரு பையனுக்காக மனதை மாற்றிக்கொள்ள முடிந்த அம்மா, நான் இல்லாத வீட்டிலும் நிற்பாள் என்று தோன்றியது. அது கர்த்தர் காட்டியதா, போவதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கா என்று இன்றுவரை தெரியாது. போகிறேன் என்று எழுதி, மஞ்சக்குப்பம் தபால் ஆபீசில் நானே போய்ப் போட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "சரி, கம்பளி வாங்கணும்" என்றாள்.

அன்று ஏழு மணிக்கு வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்தோம். அம்மா சத்தமாகத்தான் ஜெபிப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், போதகர், பக்கத்து வீட்டில் காலொடிந்து கிடந்தவர், நாட்டை ஆளுகிறவர்கள் என்று வரிசையாகப் பேர் சொல்லி வந்து, கடைசியில் என்னிடம் வருவாள். அன்றைக்கும் வந்தாள். என் பேரைச் சொன்னாள். அதோடு சத்தம் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஆமென் சொல்லி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கல்கத்தாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போதும் எங்கள் வீட்டு ஜெபம் அப்படித்தான் நடக்கிறது. ஊருக்கெல்லாம் சத்தமாக, என் பேர் வந்ததும் வாய்க்குள். முன்பு மாதிரி எனக்காகவும் சத்தமாக ஜெபம் பண்ணும்மா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"வேணாம்டி. நீ நம்ப மாட்ட."